எனக்குத் தெரிந்த வரையில்

கைலாசத்தின் வாயிலிருந்து நேரான பதில் ஒன்றைப் பிடுங்கியவர் அந்த ஊரில் யாரும் இல்லை. மழை சோவென்று கொட்டும்போது சொட்டச் சொட்ட நனைந்து ஆபீசுக்குள் நுழைவார். "வெளிய மழைங்களா?" என்று யாராவது கேட்டால், வேட்டி முனையைப் பிழிந்துகொண்டே, "அப்பிடித்தான் தெரியுது" என்பார். வீட்டில் ஜானகியம்மாள் குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால், "இப்போதைக்குச் சரியாத்தான் இருக்கு" என்பார். அப்புறம் ஒரு வேளை கரித்தால் தன் தலையில் விழக்கூடாதல்லவா! இந்த மனுசனைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு ஊமையைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று அந்த அம்மாள் அலுத்துக்கொள்வாள்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில், புதுச்சத்திரம் தாண்டி இருந்த ஒரு சர்க்கார் ஆபீசில் அவர் ஹெட் கிளார்க். ஒரே மதில் சுவருக்குள் ஆபீஸ், கஜானா அறை, மாஜிஸ்திரேட் கோர்ட்டு, சப் ஜெயில் எல்லாம் அடக்கம். அந்த மதிலுக்குள் கைலாசத்தின் இங்கிலீஷுக்குத் தனி மரியாதை இருந்தது. அவர் எழுதும் எந்த ரிப்போர்ட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். 'ஸோ ஃபார் அஸ் ஐ ஆம் அவேர்', அதாவது எனக்குத் தெரிந்த வரையில். 'இட் வுட் அப்பியர்', அதாவது இப்படி இருக்கும் போலத் தோன்றுகிறது. 'சப்ஜெக்ட் டு' என்று ஒன்றைப் போட்டு, மேலே சொன்னதெல்லாம் கீழே வருவதற்கு உட்பட்டது என்று முடிப்பார். நாளைக்கு எது எப்படிப் போனாலும் அவர் வெளியே நழுவி வர ஒரு சந்து இருக்கும்.

பிறவியிலேயே அவர் அப்படி இல்லை. வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டு, 'கரை பலமாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐப்பசி மழையில் கரை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அதே கரையைப் பார்த்த ஓவர்சீயர், 'பலமாக இருக்கும் போலத் தோன்றுகிறது' என்று எழுதியிருந்தார். ஓவர்சீயருக்குப் பிரமோஷன் வந்தது. கைலாசத்துக்குக் கொல்லிமலை அடிவாரத்துக்கு மாற்றல் வந்தது, கூடவே மலைக்காய்ச்சலும் வந்தது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் எழுதிய எந்த வாக்கியத்தின் மேலும் எவனும் கை வைக்க முடிந்ததில்லை.

சின்ன கிளார்க் தங்கமுத்து அந்த வார்த்தைகளைத் தனிக் காகிதத்தில் எழுதி வைத்து மனப்பாடம் பண்ணினான். ஆனால் தங்கமுத்துவைவிடப் பெரிய பக்தன் ஒருவன் இருந்தான். அவன் ஆண்டி. சிவப்புத் துணியில் பித்தளை வில்லை கோத்த டவாலியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் சேவகன். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. எத்தனையோ விசாரணைகள் வந்து, எத்தனையோ பேர் தலை உருண்டு, கைலாசம் மட்டும் அலுங்காமல் உட்கார்ந்திருப்பதைக் கதவோரம் நின்று பார்த்தவன் அவன். மேலே போகும் காகிதத்தைக் கையில் வாங்கும்போதெல்லாம் கேட்பான்.

"சாமி, அந்தத் தாயத்து வார்த்தையப் போட்டீங்களா?"

"போட்டிருக்கு, போட்டிருக்கு. போ" என்பார் கைலாசம். உள்ளுக்குள் அவருக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

டவாலி போட்டவன் சர்க்காருக்குச் சேவகன் என்பது பேச்சுக்குத்தான். காலையில் கைலாசத்தின் வீட்டில் தண்ணீர் சேந்தித் தொட்டி நிரப்புவது ஆண்டி. விறகு பிளப்பது ஆண்டி. சந்தைக்குப் போவது ஆண்டி. எல்லா ஆபீசிலும் அப்படித்தான், எல்லா ஹெட் கிளார்க் வீட்டிலும் அப்படித்தான். அதைத் தப்பென்று நினைத்தவர் யாருமில்லை, ஆனால் காகிதத்தில் எழுதவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

தலைவர்களை எல்லாம் பிடித்து உள்ளே போட்ட நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆவணியில் கைலாசத்தின் மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் குமாரபாளையத்தில் நூல் வியாபாரம் செய்பவர்கள். முதல் நாள் பொழுதோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். வீடு நிறைய ஒறம்பரை, விருந்தாளிக் கூட்டம். அன்றைக்கு என்று பார்த்து, கஜானா அறைக்கு ராக்காவல் முறை ஆண்டியுடையது.

கைலாசம் ஒரு கணம் யோசித்தார். பூட்டு பெரிய பூட்டு. சுவர் கெட்டிச் சுவர். ஆண்டியைக் கூப்பிட்டு, "ஊட்டுக்கு வந்துரு. கையாளுப் பத்தாது" என்றார்.

ஆண்டி டவாலியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு வந்தான். கோட்டை அடுப்பு வெட்டினான், இலை நறுக்கினான், சம்பந்தி குளிக்க வெந்நீர் போட்டான், விடிய விடிய அடுப்பை விட்டு நகரவில்லை. கோழி கூப்பிட்டதும் கிணற்றடியில் ராட்டினம் கிறீச்சிட ஆரம்பித்தது. அவனுடைய பெரிய மீசையைப் பார்த்துச் சம்பந்தி, "ஆளு ஐயனாராட்ட இருக்கறானே!" என்று சிரித்தார்.

அதே ராத்திரி, ஆண்டியின் ஊருக்குப் பக்கத்தில் யாரோ தந்திக் கம்பியை அறுத்துப் போட்டார்கள். அறுத்தவன் இருட்டில் போனவன் போனவன்தான். போலீசுக்கு ஒரு ஆள் வேண்டும். ரோந்து போன கான்ஸ்டபிள் ஒருவர், கஜானா வாசலில் காவல்காரன் பெஞ்சி காலியாகக் கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். காவல்காரன் எந்த ஊர்? கம்பி அறுந்த ஊர். அவ்வளவு போதாதா! நிச்சயதாம்பூலம் மாற்றி முடித்து, ஒறம்பரை வண்டி ஏறிய கையோடு, ஆண்டியைக் கொண்டுபோய் சப் ஜெயிலில் அடைத்தார்கள். அவன் காவல் காத்த கஜானா அறைக்கும் அவனை அடைத்த அறைக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான் இருந்தது.

மறுநாள் ஆபீசுக்குக் காகிதம் வந்தது. மேற்படி சேவகன் அன்று இரவு எங்கே இருந்தான் என்று ஹெட் கிளார்க் உடனே ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

கைலாசம் பேனாவை மையில் தோய்த்தார். என்ன எழுதுவது? 'ஆண்டி என் வீட்டில் இருந்தான்' என்று ஒரு வரி எழுதினால் ஆண்டி வெளியே வந்துவிடுவான். ஆனால் அந்த ஒரு வரி கஜானாவைக் காவலில்லாமல் போட்டவர் யார் என்றும் சொல்லிவிடும். சர்க்கார் சேவகனை அடுப்பு வெட்ட வைத்தவர் யார் என்றும் சொல்லிவிடும். வேலை போகும். நெருங்கி வந்துவிட்ட பென்ஷன் போகும். சாட்சிக்குச் சம்பந்தியைக் கோர்ட்டுப் படி ஏற்றுவார்கள். தாம்பூலம் மாற்றிய ஈரம் காயாமல் சம்பந்தியைக் கோர்ட்டுக்கு இழுத்தால் அந்தக் கல்யாணம் நடக்குமா? 'ஆண்டி ஆபீசில் இருந்தான்' என்று எழுதினாலோ அது பச்சைப் பொய். பொய் எழுத அவருக்குப் பயம்.

மெய்யும் எழுத முடியாது, பொய்யும் எழுத முடியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு என்றே அவரிடம் வார்த்தைகள் இருந்தன. அவர் எழுதினார்: எனக்குத் தெரிந்த வரையில், மேற்படி சேவகன் அன்று இரவு ஆபீசில் காவல் முறையில் இருந்ததாகத் தோன்றுகிறது; இது போலீசார் வசம் இருக்கக்கூடிய வேறு தகவலுக்கு உட்பட்டது.

இங்கிலீஷில் அது அழகாகத்தான் இருந்தது. தங்கமுத்து தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "அடேங்கப்பா!" என்றான். கைலாசம் முதல் தடவையாக அந்தப் பாராட்டுக்குத் தலை நிமிராமல் காகிதத்தை மடித்தார்.

வீட்டுக்குப் போனால் ஆண்டியின் பெண்டாட்டி பொன்னாயி நிச்சயத்துக்குப் போட்ட கொட்டகை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. "சாமி எழுதிப்போட்டா வுட்டுருவாங்கன்னு அவரு சொன்னாருங்க" என்றாள்.

"எழுதியிருக்கேன் பொன்னாயி."

"அப்பச் சரிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு அதற்கு மேல் சந்தேகமே இல்லை.

ஜானகியம்மாள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "என்னன்னு எழுதுனீங்க?"

அவர் சொன்னார். இங்கிலீஷில் ஒரு தடவை சொன்னார், அவள் முறைத்ததும் தமிழில் சொன்னார்.

"ஏனுங்க, இந்த வாசல்ல, என்ற கண்ணு முன்னால அடுப்பு வெட்டுனவனை, ஆபீசுல இருந்த மாதிரி தோணுதுன்னா எழுதுனீங்க? நான் வேணா வந்து சொல்லட்டுங்களா?"

"பொண்ணு நிச்சயமான ஊட்டுப் பொம்பளை கோர்ட்டுல ஏறுனா, குமாரபாளையத்துல என்ன பேசுவாங்க? கொஞ்சம் பொறு. அந்த வார்த்தை அவனையும் காப்பாத்தும், நம்மளையும் காப்பாத்தும்."

"அது எழுதறவிய கைக்குப் போடற உறைங்க. ஆண்டி கை வெறுங்கை" என்றாள் ஜானகியம்மாள். அன்றைக்கு அவள் அவருக்குச் சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

விசாரணைக்கு முன்தினம் மத்தியானம், சப் ஜெயில் ஜன்னல் பக்கம் கைலாசம் போனார். வார்டர் தெரிந்தவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். மீசை தொங்கிப் போயிருந்தது.

"பாப்பாளுக்குக் கல்யாணத் தேதி வெச்சாச்சுங்களா சாமி?" இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

கைலாசம், "தை மாசம் வரலாமுன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்கி என்னையக் கேட்டாங்கன்னா நான் என்ன சொல்றதுங்க? உங்க ஊட்ல இருந்தேன்னு சொன்னா உங்களுக்கு எதாச்சும் வந்துருமுங்களா?"

இந்த இடத்தில் கைலாசம் ஒரு மனுசனாக இருந்திருந்தால், வரட்டும், சொல்லுடா என்றிருக்க வேண்டும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஆபீசுலதான் இருந்தேன்னு சொல்லு. நானும் அப்பிடித்தான் எழுதியிருக்கேன். ரெண்டும் ஒத்துப் போகும்" என்றார்.

ஆண்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "அந்தத் தாயத்து வார்த்தைங்களா! அதைய நானே சொல்லலாமுங்களா?"

அத்தனை வருஷமும் கதவோரம் நின்று பார்த்த பொருளைக் கையில் கொடுத்தது போல அவன் பூரித்துப் போனான். இரண்டு மூன்று தடவை கைலாசத்திடமே சொல்லிப் பார்த்துக்கொண்டான். கைலாசம் வேப்பமரத்தடியைத் தாண்டும்போதும் உள்ளேயிருந்து அந்த முணுமுணுப்பு கேட்டது. அவருக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. எங்கே ஓடுவது? அந்த மதிலுக்குள்ளேதான் அவருடைய ஆபீஸ்.

கோர்ட்டில் கூட்டம் இல்லை. மாஜிஸ்திரேட் வெளியூர்க்காரர், புதிதாக வந்தவர். கான்ஸ்டபிள் ஏறி, பெஞ்சி காலியாக இருந்ததைச் சொன்னார். அது மெய். அவர் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அடுத்தது ஆண்டி.

"அன்றைக்கு ராத்திரி நீ எங்கே இருந்தாய்?"

ஆண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சாமி கும்பிடுகிறவன் போலக் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, உரக்கச் சொன்னான். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஆபீசுலதானுங்க இருந்தேன்!"

கோர்ட்டு கொல்லென்று சிரித்தது. பெஞ்சு கிளார்க் சிரித்தார், வக்கீல்கள் சிரித்தார்கள், கான்ஸ்டபிள்கூடத் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார்.

"தெரிந்த வரைக்குமா? நீ எங்கே இருந்தாய் என்பது உனக்கே நிச்சயமாகத் தெரியாதா?" என்றார் மாஜிஸ்திரேட்.

ஆண்டிக்குப் புரியவில்லை. இத்தனை வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்டு ஒருத்தரும் சிரித்து அவன் பார்த்ததில்லை. சொன்னதில் ஏதோ பிசகு என்று நினைத்து, முன்னைவிட உரக்க, "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்..." என்று மறுபடி ஆரம்பித்தான். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அவன் கண்கள் கைலாசத்தைத் தேடின. சரியாகச் சொன்னேனா என்று அவை கேட்டன.

கைலாசத்தால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அவரைக் கூப்பிட்டபோது கூண்டில் ஏறி, மாஜிஸ்திரேட் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"ஆண்டி ஆபீசுல இல்லைங்க. என் வீட்டுல இருந்தான். நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. கைலாசத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. வேலை போகட்டும், எல்லாம் போகட்டும், கம்பிக்குப் பின்னால் இருப்பவன் வந்தால் போதும் என்று அந்தக் கணம் அவர் உண்மையாகவே நினைத்தார்.

மாஜிஸ்திரேட் ஒரு காகிதத்தை எடுத்தார். "இது நீங்கள் எழுதியதா?"

"ஆமாங்க."

"ஆபீசில் இருந்ததாகத் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வீட்டில் இருந்தான் என்கிறீர்கள். அப்படியானால் இது பொய்யா?"

"பொய் இல்லைங்க. எனக்குத் தெரிந்த வரையில் என்றுதான் நான்..." தன் காதில் தன் குரலே விழுந்ததும் கைலாசம் நின்றுவிட்டார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மிஸ்டர் கைலாசம், உங்களுக்குத் தெரிந்தது எந்த வரை?" என்று கேட்டுவிட்டு மாஜிஸ்திரேட் ஆண்டியின் பக்கம் திரும்பினார். "உன் ஹெட் கிளார்க் நீ அவர் வீட்டில் இருந்தாய் என்கிறார். இருந்தாயா? யோசித்துச் சொல்."

ஆண்டி கைலாசத்தைப் பார்த்தான். கூண்டில் வியர்த்து நின்ற அந்த முகத்தில் அவன் என்ன கண்டானோ! சாமி தனக்காக மாட்டிக்கொண்டுவிட்டார், வேலை போய்விடும், பாப்பாள் கல்யாணம் நின்றுவிடும், இவ்வளவும் அவனுக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்க வேண்டும். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"இல்லீங்க எசமான். ஐயா எம்மேல எரக்கப்பட்டுச் சொல்றாங்க. நான் அவிய ஊட்டுக்குப் போகவேயில்லீங்க."

இந்தத் தடவை தாயத்து இல்லை, தயக்கம் இல்லை. ஆண்டி அன்று அந்தக் கோர்ட்டில் சொன்னதில் அவ்வளவு தெளிவான வாக்கியம் அது ஒன்றுதான், அதுதான் முழுப் பொய்.

"டேய் ஆண்டி!" என்று கைலாசம் கத்தினார். மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டினார். கூண்டை விட்டு இறங்கச் சொன்னார்கள். இறங்க மறுத்து, "அடுப்பு வெட்டினானுங்க, என் கண்ணால பார்த்தேனுங்க, சத்தியமா!" என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேராகப் பேசினதே இல்லை. யாரும் காது கொடுக்கவில்லை. டவாலிமேல் பாசம் வைத்த மனுசன், பாவம் என்று பெஞ்சு கிளார்க் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கம்பி அறுத்த குற்றத்துக்கு ஆண்டிக்கு ஆறு மாதம் போட்டார்கள். வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

கைலாசம் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆபீசில் உட்கார்ந்து, தான் செய்ததை ஒரு வரி விடாமல் எழுதினார். சேவகனைக் காவலிலிருந்து கூட்டிப்போனது நான், என் ரிப்போர்ட் தவறு, தண்டனை எனக்குத்தான் வர வேண்டும். ஒரு 'தோன்றுகிறது' கிடையாது, ஒரு 'உட்பட்டு' கிடையாது. மேலே அனுப்பினார். வேலை போவதற்குக் காத்திருந்தார். போகவில்லை. சேவகன் அவர் வீட்டில் இல்லை என்று கோர்ட்டே ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகு, இந்த வாக்குமூலம் மன வருத்தத்தில் எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது என்றும், நீண்ட காலச் சேவையை உத்தேசித்து மேல் நடவடிக்கை இல்லை என்றும் பதில் வந்தது. அந்தப் பதிலில் எல்லா வார்த்தையும் அவருடைய வார்த்தை. அவர் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ்.

"உண்மையச் சொல்லியும் தப்பிச்சுட்டீங்களே சார்! உங்களால மட்டும்தான் முடியும்" என்றான் தங்கமுத்து. அவன் கேலி பண்ணவில்லை. மனசாரச் சொன்னான். வேலை இருந்தது, பென்ஷன் இருந்தது, குமாரபாளையத்திலிருந்து தை மாதம் முகூர்த்தம் குறித்து ஆள் வந்தது. கைலாசத்துக்கு எதுவுமே போகவில்லை. சந்துகள் எல்லாம் அடைபட்ட வீட்டில் உட்கார்ந்திருப்பது போல அவர் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் காலையில் கிணற்றடியில் ராட்டினம் கிறீச்சிட்டது. கைலாசம் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடினார். பொன்னாயி தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு...?"

"ஜெயிலுக்குப் போயிப் பாத்துட்டு வந்தேனுங்க. அவருதான் சொல்லி அனுப்புனாரு. தொட்டி காலியாக் கெடக்குமாமா, அம்மாளுக்கு இடுப்பு வலிக்குமாமா." அவள் குடத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள். இன்னொரு தடவை கயிற்றை விட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "ஏனுங்க சாமி, அன்னிக்கி அவரு இங்கதான இருந்தாரு?"

கைலாசம் வாயைத் திறந்தார். பழக்கம் பொல்லாதது, அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார்.

"ஆமா பொன்னாயி. இங்கதான் இருந்தான்."

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் பொன்னாயி. கயிற்றை இழுத்தாள். ஜானகியம்மாள் ஓடி வந்து குடத்தைப் பிடுங்கப் பார்த்தாள், அவள் கொடுக்கவில்லை. தொட்டி நிரம்பும் வரைக்கும் கைலாசம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.